ஒரு நிறுத்தமும் மூன்று பிடியாணைகளும்: மேற்கு டெக்சாஸ் கவுண்டி ஒன்றின் நிகழ்வு ஆய்வு

டெக்சாஸ் மாநிலத்தின் லபக் நகரில் முதியோர் இல்லம் ஒன்றில் உதவியாளராக வேலை பார்க்கும் ஒரு பெண், 2025இல் தமது ஓட்டுநர் உரிமத்தைப் புதுப்பிக்கச் சென்றார். ஒரு கவுண்டி (மாநிலத்தின் நிர்வாக உட்பிரிவு) நீதிமன்றத்தில் இவர் ஆஜராகத் தவறியதாகப் பதிவு இருப்பதால் உரிமத்தைப் புதுப்பிக்க இயலாது என்று கவுன்டரில் சொல்லிவிட்டார்கள். அந்தக் கவுண்டி லபக்கிலிருந்து ஏறத்தாழ நான்கு மணி நேரப் பயணத் தொலைவில் இருக்கிறது. மக்கள்தொகை எட்டாயிரத்தைத் தொடாது. 2021இல் அந்த வழியாகப் போனபோது நெடுஞ்சாலையில் ஒருமுறை வண்டியை நிறுத்தினார்கள் என்பது மட்டுமே இவருக்கு நினைவிருந்தது.

இந்த ஆய்வில் வரும் கட்சிக்காரர் (சட்ட உதவி கேட்டு எங்களிடம் வந்தவர்) ஒரே ஒருவர் அல்லர் என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். ஒரே மாதிரியான பல கோப்புகளில் மீண்டும் மீண்டும் தென்படும் விவரங்களைச் சேர்த்து ஒரு வழக்காக அமைத்திருக்கிறேன். கவுண்டியின் பெயரையும் அதே காரணத்தால் தவிர்த்திருக்கிறேன். சட்டமும் தொகைகளும் நடைமுறையும் உள்ளவை உள்ளபடியே தரப்பட்டுள்ளன.

வீடு திரும்பியதும் கட்சிக்காரர் இரண்டு யோசனைகளில் ஊசலாடினார். இணையத்தில் கேட்கும் தொகையைக் கட்டித் தொல்லையை ஒழித்துவிடலாம் என்பது ஒன்று. நேரில் போனால் அங்கேயே கைது செய்துவிடுவார்கள், எனவே பேசாமல் இருந்துவிடலாம் என்பது மற்றொன்று. முதலாவது அவசரம், இரண்டாவது அச்சம். அச்சத்துக்கு அடிப்படையே இல்லை என்று சொல்லிவிட முடியாது. இதே மாநிலத்தின் லேகோ விஸ்டா ஊரில் 1997இல் சீட் பெல்ட் அணியாமல் சிறு குழந்தைகளோடு வண்டி ஓட்டிய கெயில் அட்வாட்டரைக் காவலர் விலங்கிட்டு அழைத்துச் சென்றார். அக்குற்றத்துக்கு உச்சபட்சத் தண்டனையே 50 டாலர் அபராதம்தான், வெளியே வருவதற்கு அவர் கட்டிய பிணையோ 310 டாலர். அபராதம் மட்டுமே விதிக்கக்கூடிய குற்றத்துக்கும் கைது செய்யலாம் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2001இல் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் தீர்ப்பளித்தது. ஆண்டுதோறும் வசந்த காலத்தில் மாநிலம் முழுவதும் பல நீதிமன்றங்களும் காவல் துறைகளும் ஒன்றுசேர்ந்து நடத்தும் ‘கிரேட் டெக்சாஸ் வாரண்ட் ரவுண்டப்’ என்னும் வேட்டையைப் பற்றிய செய்திகளும் இந்த அச்சத்தை வளர்க்கின்றன. ஷெரிஃப் (கவுண்டியின் காவல் தலைவர்) அலுவலகத்திலிருந்து பேசுவதாகச் சொல்லி, பரிசு அட்டை வாங்கி அதன் எண்ணைக் கொடுத்தால் வாரண்டை நீக்கிவிடுகிறோம் என்று ஏமாற்றும் மோசடிக்காரர்களுக்கு இந்த அச்சமே முதலீடு.

தேடல்

நகர்ப்புறக் கவுண்டியாக இருந்தால் நீதிமன்ற இணையதளத்தில் பெயரைத் தட்டினாலே பாதி வேலை முடிந்துவிடும். கிராமப்புறத்தில் அந்த வசதி கிடையாது. டெக்சாஸில் பொதுமக்கள் தேடிப் பார்ப்பதற்கென்று மாநிலம் தழுவிய பிடியாணைப் பட்டியல் எதுவும் இல்லை. மாநில, தேசியக் குற்றத் தகவல் வலையமைப்புகளைக் காவல் துறையினர் மட்டுமே பார்க்க முடியும். அபராதக் குற்றங்களுக்கான பிடியாணைகளைச் சிறு கவுண்டிகள் பல அவற்றில் ஏற்றுவதே இல்லை. அவை எழுத்தரின் கோப்பிலும் ஷெரிஃப் அலுவலகத்தின் தொலைத்தொடர்பு மேசையிலும் காகிதமாகவே கிடக்கும்.

ஆஜராகத் தவறியோரின் உரிமப் புதுப்பிப்பை மறுக்கும் திட்டத்தை மாநிலப் பொதுப் பாதுகாப்புத் துறைக்காக நடத்தும் ஆம்னிபேஸ் நிறுவனத்தின் இணையதளத்தில் உரிம எண்ணையும் பிறந்த தேதியையும் கொடுத்துப் பார்த்ததில் இரண்டு பதிவுகள் கிடைத்தன: ஒன்று மிகை வேகம், மற்றொன்று காப்பீடு இன்மை. பலரும் இங்கேயே தேடலை நிறுத்திவிடுகிறார்கள். நீதிமன்றம் எதை அனுப்பியதோ அது மட்டுமே அந்தத் தளத்தில் இருக்கும். இத்திட்டத்தில் சேராத கவுண்டிகளும் நகரங்களும் உண்டு. சேர்ந்த இடங்களிலும் எல்லா வழக்குகளும் அனுப்பப்படுவதில்லை. எனவே அதில் பெயர் இருந்தால் அது ஒரு தடயம்; பெயர் இல்லை என்பதற்காக வழக்கே இல்லை என்று முடிவு கட்டக் கூடாது.

அடுத்து, எந்த நீதிமன்றம் என்ற கேள்வி. ‘போலீஸ் நிறுத்தியது’ என்று மட்டும் கட்சிக்காரர் சொன்னதால் முதலில் அங்குள்ள சிற்றூரின் நகர நீதிமன்றத்தை அழைத்தோம். அங்கே எதுவும் இல்லை. நகரக் காவலர் எழுதும் குற்றச் சீட்டு நகர நீதிமன்றத்துக்குப் போகும். மாநில நெடுஞ்சாலைக் காவலரோ ஷெரிஃபின் துணை அதிகாரியோ எழுதுவது, சிறு வழக்குகளை விசாரிக்கும் ‘ஜஸ்டிஸ் ஆஃப் தி பீஸ்’ எனப்படும் ஜே.பி. நீதிமன்றத்துக்குப் போகும். நிறுத்தியவரின் சீருடை என்ன நிறம் என்று கேட்டதும் விடை கிடைத்துவிட்டது: பழுப்பு நிறச் சீருடை, கௌபாய்த் தொப்பி. அது மாநில நெடுஞ்சாலைக் காவலரின் உடை. அந்தக் கவுண்டியில் ஜே.பி. நீதிமன்றங்கள் இரண்டு, இரண்டையும் அழைத்தாக வேண்டும்.

எழுத்தரிடம் எப்படிக் கேட்கிறோம் என்பது முக்கியம். ‘என் மேல் வாரண்ட் இருக்கிறதா’ என்று கேட்டால் தொலைபேசியில் அதைச் சொல்ல முடியாது என்று பெரும்பாலும் மறுத்துவிடுவார்கள். பிடியாணை நிறைவேற்றப்பட்ட பிறகே அதன் நகலைப் பொதுமக்களுக்குக் கொடுக்கும் கடமையைச் சட்டம் எழுத்தருக்கு விதிக்கிறது. ‘இந்தப் பிறந்த தேதியிலும் இந்த உரிம எண்ணிலும் முடிவுறாத வழக்குகள் எவை, ஒவ்வொன்றின் வழக்கு எண் என்ன, கடைசியாகப் பதிவான நடவடிக்கை என்ன’ என்று கேட்டால் பொறுமையாகப் படித்துக் காட்டுவார்கள். பெயரை மட்டும் நம்பக் கூடாது. கட்சிக்காரருக்குத் தாய்வழி, தந்தைவழிக் குடும்பப்பெயர்கள் இரண்டும் உண்டு. காவலர் ஒரு சீட்டில் ஒன்றையும் மற்றதில் இன்னொன்றையும் எழுதியிருந்தார். தகப்பனார் பெயரே கடவுச்சீட்டில் குடும்பப்பெயராக நிற்கும் நம்மவர்களும் இதே குழப்பத்தில் மாட்டிக்கொள்வதுண்டு என்பதால் இதைக் குறித்து வைக்கிறேன்.

இரண்டாவது ஜே.பி. நீதிமன்றத்தின் ஒரே எழுத்தர், அலமாரியிலிருந்த கோப்பை எடுத்து வந்து படித்தபோது, இணையத்தில் காணாத மூன்றாவது வழக்கு ஒன்று வெளிப்பட்டது: ஆஜராகத் தவறியதே தனிக் குற்றமாகப் பதிவாகி, அதற்கும் ஒரு பிடியாணை பிறப்பிக்கப்பட்டிருந்தது. ஒரே நிறுத்தத்துக்கு மூன்று பிடியாணைகள். கவுண்டிக்கும் மாவட்ட நீதிமன்றத்துக்குமாகச் சேர்த்து ஒரே எழுத்தர் இருக்கும் அலுவலகத்தையும் (எட்டாயிரத்துக்குக் குறைவான மக்கள் வாழும் கவுண்டிகளில் இந்த ஏற்பாட்டை மாநில அரசியலமைப்பே செய்திருக்கிறது) அழைத்து, சிறைத் தண்டனைக்குரிய வழக்கு எதுவும் இல்லை என்பதை உறுதி செய்துகொண்டோம். இந்த ஓர் அழைப்பைத் தவிர்த்துவிட்டு நீதிமன்றப் படியேறுவது ஆபத்து. அபராத வழக்கில் தாமாக ஆஜராவதும், ஜாமீன் நிபந்தனையை மீறிய வழக்கில் தாமாக ஆஜராவதும் ஒன்றல்ல. பின்னதற்கு வழக்கறிஞர் இல்லாமல் போகவே கூடாது.

கோப்பில் இருந்தவை

பிடியாணைகளில் தீர்ப்புக்கு முந்தியவை வேறு, பிந்தியவை வேறு. தீர்ப்பு வந்த பிறகு அபராதம் கட்டாதவருக்குப் பிறப்பிக்கப்படுவது ‘கேபியாஸ் புரோ ஃபைன்’. அது இருந்தால் குற்றம் ஏற்கனவே தீர்மானமாகிவிட்டது என்று பொருள், பேசுவதற்கு மிஞ்சுவது பணம் கட்டும் விதம் மட்டுமே. இந்தக் கோப்பில் இருந்த மூன்றும் தீர்ப்புக்கு முந்தியவை. ஆகவே மூன்று வழக்குகளிலும் வாதாட இடம் இருந்தது. அவசரப்பட்டு இணையத்தில் பணத்தைக் கட்டியிருந்தால் அந்த இடம் போயிருக்கும்: டெக்சாஸ் சட்டப்படி முழுத் தொகையைக் கட்டுவது எதிர்வாதம் செய்யாமல் குற்றத்தை ஏற்பதற்குச் சமம், தண்டனையும் பதிவாகிவிடும். காப்பீடு இன்மைக் குற்றத்தில் அது சின்ன விஷயமல்ல. இரண்டாவது முறை அதே தண்டனை விழுந்தால் உரிமமே முடக்கப்படும்.

மிகை வேக வழக்கின் கணக்கை வரிவரியாகப் பார்த்தோம். சீட்டில் குறித்த அபராதம் 150 டாலர். அதன் மேல் மாநிலக் கட்டணம் 62, உள்ளூர்க் கட்டணம் 14, மாநிலப் போக்குவரத்து அபராதம் 50, உள்ளூர்ப் போக்குவரத்து அபராதம் 3, சீட்டு எழுதியதற்கான காவலர் கட்டணம் 5. ஆக 284 டாலர். பிடியாணைக்கு 50 சேர்ந்து 334. வசூல் நிறுவனத்துக்குக் கோப்பு போனதும் 30 விழுக்காடு, அதாவது நூறு டாலருக்குச் சற்று மேல். ஆம்னிபேஸ் கட்டணம் 10. மொத்தம் 444 டாலரைத் தாண்டிவிட்டது. 150 டாலர் அபராதம் மூன்று மடங்கை நெருங்கியதற்குக் குற்றத்தின் கனம் காரணமல்ல, மேலே ஏறிய கட்டணங்களும் கடந்துபோன காலமுமே காரணம். இது ஒரு வழக்குக்கு மட்டுமான கணக்கு.

பணத்தைவிடக் கவனிக்க வேண்டியவை கோப்பில் இல்லாத தாள்கள். வேக வழக்கிலும் காப்பீட்டு வழக்கிலும் பிரமாணத்தோடு கையெழுத்திட்ட புகார் இருந்தது. மூன்றாவதான ஆஜராகாமை வழக்கில் அப்படி எதுவும் இல்லை. வழக்கு எண்ணும் பிடியாணையும் மட்டும் இருந்தன. சாலைக் குற்றத்துக்குக் காவலர் எழுதிய சீட்டாவது இருக்கும், ஆஜராகாமைக்கு அதுவும் கிடையாது. எனவே பிரமாணப் புகார் இல்லையேல் குற்றச்சாட்டே இல்லை. இந்த வகைச் சிறு குற்றத்துக்குப் புகார் தாக்கல் செய்ய இரண்டு ஆண்டு வரம்பு உண்டு. 2021இல் நடந்ததற்கு 2025இல் புதிதாகப் புகார் எழுத முடியாது.

நீதிமன்றம் அனுப்பிய அறிவிப்புக் கடிதத்தின் நகல் கோப்பில் இருந்தது. 2017இல் வந்த சட்டத் திருத்தத்துக்குப் பின், ஆஜராகாதவருக்குப் பிடியாணை பிறப்பிக்கும் முன் தொலைபேசியிலோ தபாலிலோ அறிவிப்பு கொடுத்து, முப்பது நாளுக்குள் வருமாறு ஒரு தேதியும் குறித்து, பணம் கட்ட இயலாதவருக்குள்ள மாற்று வழிகளையும் தெரிவிக்க வேண்டும். கடிதம் முறைப்படி பழைய முகவரிக்குப் போயிருக்கிறது. வீடு மாறி முப்பது நாளுக்குள் உரிமத்தில் முகவரியை மாற்றிக்கொள்ளும் பொறுப்பு ஓட்டுநருடையது, கட்சிக்காரர் மாற்றவில்லை. எனவே அறிவிப்பே வரவில்லை என்ற வாதத்தை நாங்கள் கையில் எடுக்கவில்லை. கோப்பைப் பார்த்த நீதிபதியிடம் அந்த வாதத்தை வைத்தால் மற்ற நல்ல வாதங்களும் சேர்ந்து மதிப்பிழந்துவிடும்.

தீர்வு

அதே 2017 திருத்தத்தில்தான் இந்த வழக்கைத் திறக்கும் சாவியும் இருந்தது: பிடியாணை நிறைவேறும் முன் ஒருவர் தாமாக ஆஜராகி அதைத் தீர்க்க நல்லெண்ணத்தோடு முயன்றால், ஆஜராகாமைக்காகப் பிறப்பித்த பிடியாணையை நீதிபதி திரும்பப் பெற்றே ஆக வேண்டும். ‘பெறலாம்’ என்று சட்டம் நீதிபதியின் விருப்பத்துக்கு விடவில்லை. அபராதக் குற்றங்களுக்கான நடைமுறை அடங்கிய 45ஆம் அத்தியாயம் 2025 ஜனவரி 1 முதல் 45ஏ என்று திருத்தி எண்ணிடப்பட்டதால் பழைய படிவங்களில் உள்ள பிரிவு எண்கள் இப்போது பொருந்துவதில்லை. கடிதத்தில் பிரிவு எண்ணைவிடச் சட்டத்தின் வாசகத்தை மேற்கோள் காட்டுவதே நல்லது.

ஜே.பி. நீதிபதி தேர்தலில் வென்று வருபவர். சட்டம் படித்திருக்க வேண்டும் என்ற கட்டாயமில்லை, பதவியேற்ற முதல் ஆண்டுக்குள் 80 மணி நேரப் பயிற்சி பெற்றால் போதும். மருத்துவப் பரிசோதகர் இல்லாத கவுண்டிகளில் சந்தேக மரணங்களில் விசாரணை நடத்துவதும் அவரே. அதனால் முன்னறிவிப்பின்றி நான்கு மணி நேரம் வண்டி ஓட்டிப் போய் நின்றால் நீதிபதி எங்கோ ஒரு பண்ணைக்கு மரண விசாரணைக்குப் போயிருக்கக்கூடும். எழுத்தரோடு பேசி நாள் வாங்கி, அந்த நாள் தாமாக ஆஜராவதற்காக ஒதுக்கப்பட்டது என்பதை மின்னஞ்சலில் எழுதி வாங்கி, அதன் அச்சுப்படியைக் கட்சிக்காரரின் கையில் கொடுத்தோம். வழியில் யாராவது நிறுத்தினால் அந்தத் தாள் சட்டப்படி அவரைக் காப்பாற்றாது. ஆனால் நிறுத்தும் அதிகாரி எழுத்தரை அழைத்து விசாரிக்க ஒரு காரணம் கிடைக்கும். வண்டியைத் தம்பி ஓட்டினார்.

போவதற்கு முன்பே அரசு வழக்கறிஞருக்கு இரண்டு கடிதங்கள் போயின. சிறு கவுண்டிகளில் அவர் சொந்தத் தொழிலுக்கு நடுவே அரசு வேலையையும் பார்ப்பவராக இருப்பது வழக்கம்; நீளமான மனுவை அவர் படிக்கப் போவதில்லை. ஒரு கடிதத்தில் மூன்றாவது வழக்கில் புகார் இல்லாததையும் கால வரம்பையும் நான்கே வாக்கியங்களில் எழுதியிருந்தோம். மற்றதில், 2021இல் அந்த நாளில் வண்டிக்குக் காப்பீடு நடப்பில் இருந்தது என்று காப்பீட்டு முகவர் கையெழுத்திட்ட சான்று இணைக்கப்பட்டிருந்தது. பாலிசி எடுத்துச் சில நாட்களே ஆகியிருந்ததால், காவலர்கள் காப்பீட்டைச் சரிபார்க்கும் டெக்ஸஸ்ஷூர் தரவுத்தளத்தில் அது அன்று ஏறியிருக்கவில்லை; அட்டையும் வண்டியில் இல்லை. சம்பவ நாளில் காப்பீடு செல்லுபடியாக இருந்தது என்று காட்டி நீதிமன்றம் அதைச் சரிபார்த்துவிட்டால், வழக்கைத் தள்ளுபடி செய்தே ஆக வேண்டும். சீட்டு கிடைத்த மாதத்திலேயே ஒரு தாளை அனுப்பியிருந்தால் முடிந்திருக்கும் வழக்கு அது.

விசாரணை நாளில் மூன்று பிடியாணைகளும் முதலில் திரும்பப் பெறப்பட்டன. காப்பீட்டு வழக்கு சான்றின் பேரிலும், ஆஜராகாமை வழக்கு அரசு வழக்கறிஞரின் மனுவின் பேரிலும் தள்ளுபடியாயின. வேக வழக்கில் கட்சிக்காரர் எதிர்வாதம் செய்யவில்லை. மணிக்கு 75 மைல் வரம்புள்ள சாலையில் 88 மைல் வேகத்தில் போனதை அவர் மறுக்கவும் இல்லை.

மீதி இருந்தது பணம். அபராதம் கட்ட வசதியில்லாதவரைச் சிறைக்கு அனுப்பக் கூடாது என்ற விதி இதே டெக்சாஸின் போக்குவரத்து வழக்கு ஒன்றிலிருந்தே பிறந்தது. ஹூஸ்டனைச் சேர்ந்த பிரெஸ்டன் டேட் 425 டாலர் அபராதத்தைக் கட்ட முடியாததால், நாளொன்றுக்கு 5 டாலர் கழிவு என்ற கணக்கில் 85 நாட்கள் சிறையிலிருக்க அனுப்பப்பட்டார். 1971இல் உச்ச நீதிமன்றம் அது செல்லாது என்றது. 1983இல் ஜார்ஜியா மாநிலத்து பியர்டன் வழக்கில், கட்டாததற்கான காரணத்தை விசாரிக்காமல் நன்னடத்தைக் கால அனுமதியை ரத்து செய்யக் கூடாது என்றும் அதே நீதிமன்றம் கூறியது. இந்த இரண்டும் ஏட்டில் இருந்தும், கவுன்டரில் ‘முழுத் தொகையோ, சிறையோ’ என்ற பேச்சு பல்லாண்டு காலம் தொடர்ந்தது என்பதாலேயே, தண்டனை விதிக்கும் நேரத்திலேயே கட்டும் வசதி உண்டா என்று நீதிபதி கேட்க வேண்டும் என 2017இல் மாநிலச் சட்டமன்றம் எழுத வேண்டி வந்தது என்பது என் கருத்து.

நீதிபதி கேட்டார். சம்பளச் சீட்டு, வாடகை ரசீது, பிள்ளைகளின் மெடிகெய்டு (வருமானம் குறைந்தோருக்கான அரசு மருத்துவ உதவி) கடிதம் ஆகியவற்றைக் கட்சிக்காரர் காட்டினார். நீதிமன்றக் கட்டணங்களும் பிடியாணைக் கட்டணமும் தள்ளுபடியாயின. 150 டாலர் அபராதம் சமூகப் பணியாக மாற்றப்பட்டது. எட்டு மணி நேரப் பணிக்குக் குறைந்தது 100 டாலர் கழிவு என்பது சட்டம்; ஆக 12 மணி நேரம். பணியை அங்கேயே வந்து செய்ய வேண்டியதில்லை, லபக்கில் உள்ள உணவு வங்கியில் செய்து மேற்பார்வையாளரின் கையெழுத்தோடு படிவத்தை அனுப்பினால் போதும் என்று உத்தரவிலேயே எழுதி வாங்கியது முக்கியம். வாய்மொழியாகச் சொன்னதை நம்பி ஊர் திரும்பி, பிறகு எழுத்தர் மாறிப்போய், மீண்டும் பிடியாணை வந்த கோப்புகள் உண்டு. ‘கட்ட வசதியற்றவர்’ என்ற முடிவையும் உத்தரவில் தனி வரியாகக் கேட்டு வாங்கினோம். அந்த வரி இருந்தால் வசூல் நிறுவனத்தின் 30 விழுக்காடு சட்டப்படி விழுந்துவிடும்.

நீதிமன்றத்தில் முடிந்த பிறகு

நீதிபதி கையெழுத்திட்டதும் எல்லாம் தானாக நீங்கிவிடும் என்று நினைப்பவர்களுக்குத்தான் அடுத்த ஆண்டும் தொல்லை வருகிறது. ஒரு பிடியாணை நான்கு இடங்களில் பதிந்திருக்கும்: நீதிமன்றப் பதிவேடு, ஷெரிஃபின் தொலைத்தொடர்பு மேசை, ஆம்னிபேஸ் வழியாகப் பொதுப் பாதுகாப்புத் துறை, வசூல் நிறுவனம். ஓரிடத்தில் அழித்தது மற்ற மூன்றுக்கும் போய்ச் சேர வேண்டுமானால், ஒரு மனிதர் தொலைநகலோ மின்னஞ்சலோ அனுப்பியாக வேண்டும். அந்த மனிதர் அதே ஒற்றை எழுத்தர்.

ஷெரிஃப் அலுவலகம் நீதிமன்றத்திலிருந்து நடந்து போகும் தூரத்தில்தான் இருந்தது. பிடியாணைகளைத் திரும்பப் பெற்ற உத்தரவின் சான்றிட்ட நகல்களைக் கையோடு கொண்டுபோய்க் கொடுத்தபோது, மேசையிலிருந்தவர் கோப்புறையிலிருந்து இரண்டு தாள்களை எடுத்தார். மூன்றாவது அங்கே இல்லை. அது கான்ஸ்டபிளிடம் இருந்தது. டெக்சாஸில் கான்ஸ்டபிள் என்பவர் ஷெரிஃபுக்குக் கீழ்ப்பட்டவர் அல்லர், ஜே.பி. நீதிமன்றத்தின் ஆணைகளை நிறைவேற்றுவதற்கெனத் தனியே தேர்ந்தெடுக்கப்படும் அதிகாரி. அவரிடமும் நகல் கொடுத்து, தேதியோடு கையெழுத்து வாங்கிக்கொண்டோம்.

ஆம்னிபேஸ் கட்டணமான 10 டாலரைத் தள்ளுபடி செய்யத் தனிக் கோரிக்கை வைக்க வேண்டியிருந்தது. மெடிகெய்டு பெறுவதை வசதியின்மைக்கான அடையாளமாக அதற்கான சட்டம் எடுத்துக்கொள்வதால் அது தடையின்றி நடந்தது. எழுத்தர் விடுவிப்பு அறிக்கையை அனுப்பியபின், உரிமம் புதுப்பிக்கத் தகுதி உண்டா என்று மாநில இணையதளத்தில் பார்த்தபோது ஒரு பதிவு நீங்கி மற்றொன்று நீங்காமல் இருந்தது. காப்பீட்டு வழக்கு மற்றக் குடும்பப்பெயரில் இருந்ததே காரணம். எழுத்தருக்கு மீண்டும் ஓர் அழைப்பு, மீண்டும் ஓர் அறிக்கை. அதன் பிறகே கட்சிக்காரர் புதிய முகவரியோடு உரிமத்தைப் புதுப்பித்துக்கொண்டார்.

வசூல் நிறுவனத்திலிருந்து அதற்குப் பின்னும் கடிதம் வந்தது, பழைய தொகையோடும் 30 விழுக்காட்டோடும். வசதியற்றவர் என்ற வரிக்கு அடிக்கோடிட்ட உத்தரவு நகலையும், தள்ளுபடியான இரண்டு வழக்குகளின் உத்தரவுகளையும், 12 மணி நேரப் பணி முடிந்ததற்கான படிவத்தையும் பதிவுத் தபாலில் அனுப்பினோம். மூன்று வழக்கு எண்களையும் திரும்பப் பெற்றுக்கொள்ளுமாறு அந்நிறுவனத்துக்கு ஒரு வரி எழுதும்படி நீதிமன்றத்தையும் கேட்டுக்கொண்டோம். அந்த வரியின் நகல் எங்களுக்கு வந்து சேர்ந்த அன்று கோப்பு மூடப்பட்டது.